பழைய இசைத் தட்டைப் பழைய கடையில் போடலாமா?

போடிநாயக்கனூரில் ஒரு டீக்கடை. காலை ஐந்தரை மணி. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. போடிமெட்டு மலையின் தலையில் மூடிய பனி இன்னும் விலகவில்லை.

கடைக்குள் ஒரே சத்தம். சண்டையா? சண்டைதான்! ஆனால் காசுக்காக அல்ல, காணிக்காகவும் அல்ல. ஒரு பாட்டுக்காக!

"எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தமிழிலே முதன்முதலாகப் பாடியது எந்தப் படத்துக்கு?" இதுதான் வழக்கு.

வழக்காடியவர்கள் மூன்று பேர். ஒருவர் பழைய மைக் செட்காரர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று இந்த வட்டாரமெங்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர். இன்னொருவர் மலைக்கு ஜீப் ஓட்டியவர். மூன்றாமவர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கிய அம்மாள். மூவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது.

"அடிமைப்பெண் படம்தான். 1969இல் நானே தட்டு வாங்கிப் போட்டேன்" என்றார் மைக் செட்காரர்.

"அது எப்படி அண்ணே? சாந்தி நிலையம் பாட்டை அதற்கு முன்னாலேயே பாடிவிட்டாராமே!" என்றார் டிரைவர்.

அந்த அம்மாள் டீக் கிளாசைக் கீழே வைத்தார். "ரெண்டுமே இல்லை அண்ணே. ஓட்டல் ரம்பா என்று ஒரு படம். அதற்குத்தான் முதலில் பாடினார். எல்.ஆர். ஈஸ்வரியோடு சேர்ந்து பாடினார். அந்தப் படம் வெளியே வரவே இல்லை" என்றார்.

கடை அமைதியாகிவிட்டது.

யார் சொன்னது சரி? மூன்று பேர் சொன்னதும் சரிதான்! முதலில் பதிவானது ஓட்டல் ரம்பா பாட்டு. அடுத்துப் பதிவானது சாந்தி நிலையம் பாட்டு. ஆனால் திரைக்கு முதலில் வந்த படம் அடிமைப்பெண். எம்.எஸ். விசுவநாதன் இரண்டு பாட்டுகளுக்கு வாய்ப்புக் கொடுத்தார். கே.வி. மகாதேவன் இசையமைத்த பாட்டு முந்திக்கொண்டு மக்களிடம் வந்து சேர்ந்தது. ஆளுக்கு ஒரு துண்டு உண்மை வைத்திருந்தார்கள். மூன்றையும் ஒட்டியபோதுதான் முழு உண்மை கிடைத்தது.

வீண் பேச்சா?

"வேலையற்றவர்கள் பேசும் வீண் பேச்சு இது. எந்தப் பாட்டு முதலில் வந்தால் என்ன? சோறு போடுமா?" என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளே கேட்கிறார்கள்.

சோறு போடாதுதான். ஆனால் இதை வீண் பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய பாட்டுகளுக்குக் கவலை இல்லை. பெரிய நடிகர் நடித்த படம், பெரிய கம்பெனி எடுத்த படம், தொலைக்காட்சியில் மாதம் ஒரு முறை வரும் படம்: இவற்றின் பாட்டுகள் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ளும். சின்னப் பாட்டுகளின் கதி என்ன? வெளிவராத படத்தின் பாட்டு, ஒரே வாரம் ஓடிய படத்தின் பாட்டு, சினிமாவிலேயே சேராத தனிப்பாட்டு: இவற்றைக் காப்பது யார்? இந்த டீக்கடைச் சண்டைதான்!

நினைவு வைத்திருப்பவர் ஒருவர் போதாது. இரண்டு பேர் வேண்டும். அவர்கள் ஒத்துப்போகாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் உண்மை வெளியே வரும்.

அரக்கில் பிறந்த பாட்டு

இசைத் தட்டு என்றால் என்ன என்று இன்றைய குழந்தைகளுக்குத் தெரியாது. கொஞ்சம் சொல்லுகிறேன். வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

அந்த நாள் கறுப்புத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். அதைச் செய்யும் பொருளில் முக்கியமானது அரக்கு. மரக்கிளையில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி கொடுப்பதுதான் அரக்கு. நம் நாட்டில் நிறையக் கிடைத்தது. உலகமெங்கும் தட்டு செய்ய இங்கிருந்துதான் கப்பல் ஏறிற்று. பூச்சி கொடுத்த பொருளில் மனிதன் பாட்டை எழுதினான்!

அரக்குத் தட்டு கனமானது. கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிஷம்தான் பாட்டு. நீளமான பாட்டை இரண்டாக வெட்டி, தட்டின் இரண்டு பக்கத்திலும் பதிவார்கள். பாதிப் பாட்டில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

பிறகு வினைல் என்ற பிளாஸ்டிக் தட்டு வந்தது. நிமிஷத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் சின்னத் தட்டு. 33⅓ சுற்றுச் சுற்றும் பெரிய தட்டு. எளிதில் உடையாது. இரைச்சலும் குறைவு.

இங்கிலாந்தில் 1960 வாக்கிலேயே 78 சுற்றுத் தட்டு நின்றுபோயிற்று. நம் நாட்டில் நிற்கவில்லை. காரணம் என்ன? கிராமங்களில் மின்சாரம் இல்லை. கையால் சாவி கொடுத்தால் சுற்றும் கிராமபோன்தான் இருந்தது. அதில் 78 சுற்றுத் தட்டுதான் ஓடும்.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. இங்கிலாந்தில் 'பீட்டில்ஸ்' என்று நான்கு வாலிபர்கள் பாடினார்கள். 1960களில் உலகமே அவர்களுக்குப் பின்னால் ஓடிற்று. அவர்களுடைய பாட்டு சொந்த நாட்டில் வினைல் தட்டில் வந்தது. இந்தியாவிலோ, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில், பழைய மாதிரி 78 சுற்றுத் தட்டிலும் அச்சாயிற்று! புதுப் பாட்டு, பழைய தட்டு. இந்தத் தட்டுகளை இன்று வெளிநாட்டு ரசிகர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அபூர்வப் பொருள் என்று ஏலம் கேட்கிறார்கள்.

நம் நாட்டில் அச்சான தட்டு. நம் வீடுகளில் ஓடிய தட்டு. அதன் அருமை அடுத்த நாட்டாருக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டோம்!

ஆனால் ஒன்று. வீட்டில் கிடக்கும் தட்டெல்லாம் லட்ச ரூபாய் பெறும் என்று யாரும் மனக்கோட்டை கட்ட வேண்டாம். பெரும்பாலான தட்டுகளுக்குச் சந்தையில் விலை இல்லை. நான் சொல்லும் மதிப்பு வேறு.

பெயர் எங்கே?

தட்டின் நடுவில் வட்டமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைப்பாளர் பெயர், கம்பெனியின் எண் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தச் சீட்டும் எல்லாருடைய பெயரையும் சொல்லாது.

1949இல் 'மகால்' என்று ஓர் இந்திப் படம் வந்தது. அதில் ஒரு பாட்டு நாடெங்கும் பேர் வாங்கிற்று. பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆனால் தட்டில் அவர் பெயர் இல்லை! படத்தில் வரும் பாத்திரத்தின் பெயரான 'காமினி' என்பதுதான் அச்சாகி இருந்தது. 'யார் இந்தக் காமினி?' என்று ரேடியோ நிலையத்துக்கு ரசிகர்கள் கேட்டு எழுதினார்கள். ரசிகர்கள் துருவித் துருவிக் கேட்டதால்தான் பாடகியின் பெயர் வெளியே வந்தது.

நம் எல்.ஆர். ஈஸ்வரியைப் பாருங்கள். அவர் தாயார் சினிமாவில் கோரஸ் பாடியவர். தாயோடு போன மகளும் கோரஸ் பாடினார். 1961இல் வந்த பாசமலர் படம்தான் அவர் குரலை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் கல்யாண வீடு என்றால் அந்தப் பாட்டு இல்லாமல் இல்லை. மகளுக்குப் பெயர் கிடைத்தது. அவரோடு வரிசையில் நின்று பாடிய மற்றப் பெண்களுக்கு? 'குழுவினர்' என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரும் அடங்கிப் போனார்கள்.

ஒரு பாட்டுக்கு உழைத்தவர் யார் என்று கேட்பது வீண் கேள்வியா? ஏல மலையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். காயின் பெயர் உலகத்துக்குத் தெரியும். காய் எடுத்தவளின் பெயர் யாருக்குத் தெரியும்?

கடல் கடந்து வந்த குரல்

இந்த வட்டாரத்தில் பழைய பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், மூன்றாவது வாக்கியத்தில் இலங்கை வானொலி வந்துவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். நம் ரேடியோவில் சினிமாப் பாட்டு அருகிப் போயிற்று. கேட்பவர்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தார்கள்! 1957 அக்டோபரில் நம் அரசே 'விவித் பாரதி'யைத் தொடங்க வேண்டியதாயிற்று. அதற்குள் கொழும்பு நம் வீட்டுக்குள் வந்து பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது.

எஸ்.பி. மயில்வாகனம் என்ற அறிவிப்பாளரின் குரலைச் சொன்னால், இன்றும் பெரியவர்கள் முகம் மலர்கிறார்கள். பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் சொல்லுவார்கள். விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். நம் ஊர்ப் பெயர் கடல் கடந்து போய்த் திரும்பி வரும் அல்லவா? அதைக் கேட்கத் தெருவே கூடி நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அத்தனை பாடகர் பெயரையும் மனப்பாடமாகச் சொன்னது இப்படித்தான்.

அதே இலங்கையில் 1960களின் பிற்பகுதியில் புது மாதிரிப் பாட்டு ஒன்று கிளம்பிற்று. 'பொப் இசை' என்று அதற்குப் பெயர். கித்தார் அடிப்பார்கள், தாளம் தட்டுவார்கள். சாதாரண மக்கள் பேசும் தமிழில் கேலியும் கிண்டலுமாகப் பாடுவார்கள். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோர் இதில் பெயர் பெற்றவர்கள். மனோகரனைத் தமிழ்நாட்டில் 'சிலோன் மனோகர்' என்றார்கள். சினிமாவிலும் நடித்தார். 2018இல் காலமானார்.

அவர் பாடிப் புகழ் பெற்றது 'சுராங்கனி' பாட்டு. அது 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்ப் படத்துக்குள் வந்தது. அந்தப் படத்துக்கு இசை யார் தெரியுமா? இளையராஜா! போடிக்குத் தெற்கே இருக்கும் பண்ணைப்புரத்துக்காரர். கொழும்பில் பாடிய பாட்டு, நம் மலையடிவாரத்துப் பிள்ளையின் கையால் தமிழ்நாடெங்கும் பரவிற்று. இந்தச் சங்கதியை ஒரு சீட்டிலும் படிக்க முடியாது. இரண்டையும் கேட்டவர்கள் சொன்னால்தான் உண்டு.

இலங்கையில் பின்னர் நடந்தது நமக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. போரில் வீட்டை விட்டு ஓடியவர்கள் தட்டையும் கிராமபோனையுமா தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? ஓரிடத்தில் குவித்து வைத்தது ஒரே இரவில் போய்விடும். பலர் மனத்தில் பரவிக் கிடப்பது அப்படிப் போகாது.

தட்டில் ஏறாத பாட்டு

நம் மலைக்கே வருவோம். 1958இல் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்டுக் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் நடுவே பாட்டுப் பாடி வோட்டுக் கேட்டவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். அந்தச் சமயத்தில்தான் அண்ணனோடு பாடக் கிளம்பினார் சிறுவன் இளையராஜா. ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார்.

பின்னாளில் தம்பி போட்ட பாட்டுகள் ஆயிரக்கணக்கில் தட்டிலும் நாடாவிலும் ஏறின. ஆனால் தேயிலைக் காட்டில், லயன் வீட்டு வாசலில், தொழிலாளர் கேட்க ஒருவர் தொண்டை கிழியப் பாடும் பாட்டுக்குத் தட்டு ஏது? அது காதில்தான் பதியும். அந்தக் காதுக்காரருக்கு இப்போது எண்பது வயது. அவரிடம் கேட்க வேண்டும் என்றால் இன்று கேட்க வேண்டும். நாளை என்று தள்ளிப் போட முடியாது.

போனில்தான் எல்லாம் இருக்கிறதே!

"ஏன் கவலைப்படுகிறீர்கள்? செல்போனில் தட்டினால் எல்லாப் பாட்டும் வருகிறதே" என்பார்கள் இளைஞர்கள்.

வருகிறது. நல்லதுதான். நானும் கேட்கிறேன். ஆனால் பாட்டு வருகிறதே தவிர, பெயர் சரியாக வருகிறதா? ஒருவர் பாடியதற்கு இன்னொருவர் பெயர் போட்டிருக்கிறது. 1964இல் வந்த படத்துக்கு 1967 என்று இருக்கிறது. ஒருவர் தவறாகப் போட்டால் நூறு பேர் அதைப் பார்த்து அப்படியே போடுகிறார்கள். பொய்க்குக் கால் முளைத்துவிடுகிறது.

இன்னும் ஒன்று. 1964இல் வந்த கர்ணன் படத்துக்காக டி.எம். சவுந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய ஒரு காதல் பாட்டு உண்டு. தட்டில் இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் படத்தில் அது இல்லை! தட்டு மட்டும் இல்லாதிருந்தால் இப்படி ஒரு பாட்டு உண்டு என்பதே மறந்து போயிருக்கும். எல்லாம் எங்கோ இருக்கிறது என்று நம்பி, கையில் இருப்பதை எறிந்துவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

அதே சமயம் ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. நினைவு என்பது குறும்புக்காரக் குழந்தை. நாம் ஆசைப்பட்டதையே நடந்ததாகச் சொல்லும். 'நான் காதாரக் கேட்டேன்' என்பதோடு நிறுத்தாமல், தட்டில் உள்ள சீட்டைப் பாருங்கள். அந்த நாளில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். அது சில காசு விலையுள்ள சின்னப் புத்தகம். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய எத்தனையோ பேருக்கு அதுவே வாத்தியார்! சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட பொருள்களைப் போற்றி வைத்திருக்கிறது. நம் ஊர் நூலகங்களும் ஓர் அலமாரி ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

நாம் என்ன செய்யலாம்?

பெரிய காரியம் வேண்டாம். வீட்டில் செய்யக் கூடியவற்றைச் சொல்லுகிறேன்.

பரணில் தட்டு இருந்தால் இறக்குங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அடியில் இருப்பது விரிந்துவிடும். புத்தகம் போல நிற்க வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் தட்டு வளைந்துவிடும். நடுவில் கை வைக்காமல் ஓரத்தைப் பிடியுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். மெல்லிய துணி போதும்.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தட்டில் உள்ள பெயரையும் எண்ணையும் பார்த்து எழுதுங்கள். எழுதப் பழகும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. யார் வாங்கியது, எந்த ஊரில் வாங்கியது, யார் கல்யாணத்தில் ஒலித்தது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். பாட்டைக் கம்பெனி காப்பாற்றலாம். நம் வீட்டுக் கதையை எந்தக் கம்பெனியும் காப்பாற்றாது.

மூன்றாவது, பெரியவர்களைக் கேளுங்கள். ஒருவரை அல்ல, இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உட்கார வைத்துக் கேளுங்கள். சண்டை வரும். வரட்டும்! அந்தச் சண்டையில்தான் சரக்கு இருக்கிறது.

ஏலக்காய்க்கு ஒரு குணம் உண்டு. பறித்த காயை வெயிலில் காய வைத்தால் பச்சை நிறம் போய்விடும். அதனால் ஸ்டோரில் வைத்துச் சீராகச் சூடு கொடுத்து உலர்த்துகிறார்கள். பிறகு பெண்கள் கூடி உட்கார்ந்து, கையால் பொறுக்கித் தரம் பிரிக்கிறார்கள். நல்ல காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம். அத்தனையும் முடிந்தால்தான் சரக்குக்கு மதிப்பு.

நினைவும் அப்படித்தான். தெருவில் எறிந்தால் நிறம் போய்விடும். பத்துப் பேர் கூடி உட்கார்ந்து பொறுக்கினால் மணம் நிற்கும்.

அன்று டீக்கடையில் வழக்கு முடிந்தது. மைக் செட்காரர் எழுந்தார். "தங்கச்சி சொன்னதுதான் சரி. ஆனால் அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லையே!" என்றார். அவர் குரலில் ஓர் ஏக்கம் இருந்தது. ஆயிரம் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டவருக்கு ஒரு பாட்டு கேட்கக் கிடைக்கவில்லை!

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். யாரோ ஒருவர் ஆயுள் முழுவதும் தேடும் பாட்டு அங்கே தூசியோடு தூங்கிக்கொண்டிருக்கலாம். பழைய கடைக்காரர் வருவதற்கு முன்னால் பாருங்கள்!